1077-ஐ அழைத்தால் எந்த அமைச்சருக்குக் கேட்கும்?

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் வேலூர், குடியாத்தம் பக்கம் டீக்கடைதோறும் ஒரு கேள்வி கிளம்பும்: “இதுக்கெல்லாம் யாருங்க பொறுப்பு?” ஏரி கோடி போய்க் கழனி முழுகினவரும் கேட்பார், தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறி அக்கரைக்குப் போக முடியாமல் நிற்பவரும் கேட்பார். ஒரே ஒரு பெயரைப் பதிலாக எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண்ணான 1077-ஐ அழைப்பவரும் அப்படித்தான். தமிழ்நாட்டு அமைச்சரவைப் பட்டியலில் ‘அவசர சேவைகள் அமைச்சர்’ என்று ஒருவர் கிடையாது.

2021 நவம்பரில் பாலாறு பெருகியபோது பொறுப்பு எப்படிப் பிரிந்து கிடந்தது என்று பாருங்கள். வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மை கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரனிடம். காவலும் தீயணைப்பும் உள்துறையில். உள்துறை முதலமைச்சர் மு.க. ஸ்டாலினிடம். 108 ஆம்புலன்ஸ் மக்கள் நல்வாழ்வுத்துறை, மா. சுப்பிரமணியன். ஆறும் அணையும் நீர்வளத்துறை, துரைமுருகன். அவர் காட்பாடித் தொகுதிக்காரரும்கூட. ஏரியிலாவது ஒரே துறை என்றால் அதுவும் இல்லை. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள ஏரி நீர்வளத்துறைக்கு, அதற்குக் கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியத்துக்கு, அதாவது ஊரக வளர்ச்சித்துறை அமைச்சருக்கு. அறுந்து தொங்கும் கம்பிக்கு மின்துறை அமைச்சர். ஒரே ஊரில், ஒரே இரவில், ஆறு அமைச்சர்களின் ஆட்கள் ஆறு வண்டிகளில் வந்து இறங்குவார்கள்.

காட்பாடியைத் தாண்டிச் சித்தூர் எல்லைக்குள் போனால் வேறு கணக்கு. ஆந்திராவில் 2024-இல் அமைந்த அமைச்சரவையில் உள்துறையும் பேரிடர் மேலாண்மையும் ஒருவர் கையில். அங்கே தீயணைப்புத் துறையின் பெயரிலேயே பேரிடர் மீட்பு சேர்ந்திருக்கிறது. இங்கேயும் அப்படிச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. தீயணைப்பு நிலையம் ஊருக்கு ஒன்று கிடையாது. கிராம நிர்வாக அலுவலரும் கிராம உதவியாளரும் ஏறக்குறைய எல்லா ஊருக்கும் உண்டு. எந்த வீடு மண்சுவர், எந்தக் கிழவிக்கு நடக்க முடியாது, எந்த ஓடை யார் கொல்லை வழியாகப் போகிறது என்பதெல்லாம் தலையாரி என்கிற அந்த உதவியாளருக்குத் தெரிந்த அளவு வேறு எந்தத் துறைக்கும் தெரியாது. தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு வந்த பஞ்ச விதிகள் நிவாரண வேலையைக் கலெக்டர், தாசில்தார் என்று வருவாய்த்துறை வழியாகவே ஓட்டின. அந்தத் தடத்தில்தான் இன்றைக்கும் வண்டி போகிறது.

இனி சட்டத்துக்கு வருவோம். 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் தேடினால் மாநிலத் துறை அமைச்சர் என்ற ஆளே அகப்படமாட்டார். மாநில ஆணையத்துக்குத் தலைவர் முதலமைச்சர். எட்டுப் பேர் வரை உறுப்பினர்களை அவர் நியமிக்கலாம், வருவாய்த்துறை அமைச்சர் உள்ளே வருவது அந்த வழியாக. செயற்குழுவுக்குத் தலைமைச் செயலாளர். மாவட்டத்துக்கு ஆட்சியர். 34-ஆம் பிரிவின்படி ஆட்சியர் போக்குவரத்தைத் தடுக்கலாம், ஆபத்தான இடத்துக்குள் ஆள் நுழைவதை நிறுத்தலாம், இடிபாடுகளை அகற்றச் சொல்லலாம். 65-ஆம் பிரிவின்படி தனியார் வண்டியையும் கட்டடத்தையும் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளலாம். 50-ஆம் பிரிவு டெண்டர் விடாமல் உடனே பொருள் வாங்க வழிவிடுகிறது. இதில் எதற்கும் அமைச்சர் கையெழுத்து தேவையில்லை. பள்ளிக்கு மழை விடுமுறை விடுவதும் ஆட்சியரே. விடிகாலையில் அமைச்சரின் சமூக வலைதளப் பக்கத்தில் போய் “லீவு விடுங்க சார்” என்று கமெண்ட் போடும் பிள்ளைகள் விலாசம் மாறிப் போகிறார்கள்.

அமைச்சருக்கு இதில் ஏதோ குறை வைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். இரவு இரண்டு மணிக்குக் கரை கரையும்போது கோட்டையிலிருந்து உத்தரவு வரட்டும் என்று காத்திருந்தால் கரை காத்திருக்காது. அமைச்சரின் வேலை அந்த இரவுக்கு மூன்று மாதம் முன்னால் இருக்கிறது, மூன்று மாதம் பின்னாலும் இருக்கிறது. நடுவில் உள்ள இரண்டு நாளில்தான் அவரை டி.வி.யில் அதிகம் பார்க்கிறோம்.

முன்னால் உள்ள வேலை என்றால் முதலில் பணம். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் ஒன்றிய அரசு 75 பங்கு, மாநிலம் 25 பங்கு. 15-ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்குப் போட்ட கணக்கில் மொத்தம் நூறு ரூபாய் என்றால், 40 உடனடி மீட்புக்கும் நிவாரணத்துக்கும், 30 சீரமைப்புக்கும், 10 முன்தயாரிப்புக்கும், மீதி 20 ஆபத்தைக் குறைக்கும் பணிகளுக்கும். அந்தப் பத்து ரூபாயைத்தான் கவனிக்க வேண்டும். படகு, ஜெனரேட்டர், மரம் அறுக்கும் இயந்திரம், பயிற்சி எல்லாம் அதற்குள் அடக்கம். அது ஜூனில் ஒதுக்கீடாகி ஆகஸ்டில் பொருளாக வந்தால் பயன். நவம்பரில் கோப்பு நகர்ந்தால், புத்தம் புதிய ஜெனரேட்டர் பொங்கலுக்கு வந்து சேரும்.

செப்டம்பரில் ஆட்சியர் அலுவலகத்தில் வடகிழக்குப் பருவமழை ஆய்வுக்கூட்டம் நடக்கும். பாதிக்கக்கூடிய இடங்களை மிக அதிகம், அதிகம், மிதமானது, குறைவு என்று நான்காகப் பிரித்த பட்டியல், தாலுகாவாரியாக மண்டலக் குழுக்கள், நிவாரண முகாம்கள், முதல்நிலைப் பொறுப்பாளர்களின் செல்பேசி எண்கள், எத்தனை ஜே.சி.பி., எத்தனை மணல் மூட்டை, எத்தனை சவுக்குக் கட்டை என்று கட்டுக் கட்டாகத் தாள் வரும். அமைச்சரோ கண்காணிப்பு அலுவலரோ வந்தால் இந்தத் தாளைத்தான் புரட்டுவார்கள். தாளில் எல்லாம் இருக்கும். மரம் அறுக்கும் இயந்திரம் பத்து என்று இருந்தால், பத்தில் எத்தனை இன்று ஓடும் என்பதுதான் கேள்வி. போன வருடம் ஊற்றிய பெட்ரோல் உள்ளேயே கிடந்தால் கார்புரேட்டர் பிசின் பிடித்துவிடும். இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரம் என்பதை மறந்து வெறும் பெட்ரோலை ஊற்றினால் பிஸ்டன் இறுகிவிடும். பல இயந்திரங்களுக்கு லிட்டருக்கு 20 மில்லி எண்ணெய் கலக்க வேண்டும். ஜெனரேட்டருக்கு பேட்டரி இறங்கியிருக்கும். ஜே.சி.பி. பெரும்பாலும் தனியாருடையது, போன மழைக்கு ஓட்டிய வாடகை பாக்கி என்றால் இந்த மழைக்கு உரிமையாளரின் போன் சுவிட்ச் ஆஃப். அந்த பாக்கியை முடிக்க வைப்பதுதான் அமைச்சர் செய்யக்கூடிய உருப்படியான காரியம். அதற்கு ரிப்பன் வெட்ட வேண்டியதில்லை, போட்டோவும் வராது.

மணல் மூட்டையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஐயாயிரம் மூட்டை தயார் என்று தாளில் எழுதுவது எளிது. ஏரிக்கரையில் அது வேலை செய்யுமா என்பது நிரப்பிய விதத்தில் இருக்கிறது. சாக்கின் வாய்வரை திணித்து இறுக்கிக் கட்டினால் மூட்டை உருண்டையாகி, இரண்டு மூட்டைக்கு நடுவே சந்து விழும், தண்ணீர் அந்தச் சந்தில் புகும். பாதிக்குக் கொஞ்சம் மேலே, மூன்றில் இரண்டு பங்குக்குள் நிரப்பி, வாயை மடித்து, மடிப்பைத் தண்ணீர் வரும் பக்கம் கீழே அமுக்கி வைத்து, காலால் மிதித்துத் தட்டையாக்க வேண்டும். செங்கல் கட்டுவதுபோல மேல்வரிசை கீழ்வரிசையின் இணைப்பை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். உயரம் ஒரு மீட்டர் என்றால் அடி அகலம் மூன்று மீட்டர். இப்படிக் கட்டினால் ஒரு மீட்டர் நீளத்துக்கே 80, 90 மூட்டை தின்னும். பத்து மீட்டர் கரைக்கு ஆயிரத்தை நெருங்கிவிடும். ஐயாயிரம் மூட்டை என்பது, ஆறு தாலுகா உள்ள ஒரு மாவட்டத்துக்கு, ஐம்பது அறுபது மீட்டர் கரை. அவ்வளவுதான்.

கரை வாய் பிளந்துவிட்டால் வெறும் மூட்டையைத் தூக்கிப் போட்டுப் பயனில்லை, அடித்துக்கொண்டு போகும். சவுக்குக் கட்டையை இரண்டு வரிசையாக அடித்து, நடுவில் மூட்டையை இறக்க வேண்டும். வெள்ளத்தின் வேகம் குறைவாக இருக்கும் இரு ஓரங்களிலிருந்து தொடங்கி நடுவுக்கு வர வேண்டும். பிளவு வருவதற்கு முன்பே கரை சொல்லிவிடும். கரையின் வெளிப்பக்க அடியில் கசியும் தண்ணீர் தெளிவாக இருந்தால் கண்காணித்துக்கொண்டிருக்கலாம். கலங்கி மண் நிறத்தில் வந்தால் கரையின் உள்ளே மண் அரித்துக்கொண்டிருக்கிறது. நண்டு வளையோ, எலி வளையோ, செத்துப்போன சீமைக்கருவேல வேரோ வழி திறந்திருக்கும். அடியில் ஊற்றுபோல் கொப்பளித்தால் பலர் செய்யும் தப்பு, அதன் வாயிலேயே மூட்டையை வைத்து அடைப்பது. அடைத்தால் பக்கத்தில் வேறு வாய் திறக்கும். ஊற்றைச் சுற்றி வட்டமாக மூட்டை அடுக்கி, உள்ளே தண்ணீர் ஓரளவு நிற்கவிட்டு, கலங்கல் நின்று தெளிந்த நீர் வரும்வரை வட்டத்தை உயர்த்த வேண்டும். இது ஏரிப்பாசனச் சங்கத்துப் பெரியவர்கள் பலருக்குத் தெரியும். பயிற்சி வகுப்பு என்று வைத்தால் அவர்களையும் மேடையில் உட்கார வைக்கலாம்.

இனி அந்த இரண்டு நாள். பாலாறு கர்நாடகத்தில் பிறந்து, ஆந்திராவில் 33 கிலோமீட்டர் ஓடி, வாணியம்பாடிக்கு மேற்கே புல்லூரில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. பல ஆண்டுகள் மணல்வெளியாகவே பார்த்துப் பழகிய ஆறு. 1903 நவம்பரில் வாணியம்பாடியை அழித்த வெள்ளத்தைத் தாத்தாக்கள் சொல்லக் கேட்டதோடு சரி. 2021 நவம்பர் 19-ஐ ஒட்டி வாலாஜா பக்கத்துப் பாலாறு அணைக்கட்டில் விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் போனது. அளவு மனதில் நிற்க ஒரு கணக்கு: குடியாத்தத்துக்கு மேலே உள்ள மோர்தானா அணையின் முழுக் கொள்ளளவு சுமார் 261 மில்லியன் கனஅடி. ஒரு லட்சம் கனஅடி ஓட்டத்தில் அத்தனை நீரும் 44 நிமிடத்தில் கடந்துவிடும். விரிஞ்சிபுரம் தரைப்பாலம் அந்த வெள்ளத்தில் சேதமானது. அடுத்த மாதமே திருவலம், முகுந்தராயபுரம் இடையே பொன்னையாற்று ரயில் பாலத்தில் பழுது கண்டு ரயில்களை நிறுத்தினார்கள்.

2019-க்கு முன் என்றால் வாணியம்பாடி முதல் வாலாஜா வரை ஒரே ஆட்சியர். அந்த ஆண்டு நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. இப்போது ஆறு திருப்பத்தூரில் நுழைந்து வேலூர் வழியாக ராணிப்பேட்டைக்குப் போகிறது. மூன்று ஆட்சியர், மூன்று கட்டுப்பாட்டு அறை, மூன்று 1077. பொன்னையாற்றுக்கு மேலே சித்தூர் மாவட்டத்தில் கலவகுண்டா அணை திறந்தால் நான்காவது ஆட்சியர், இரண்டாவது மாநிலம். நீர் திறப்புத் தகவல் மேலிருந்து கீழே எத்தனை மணி நேரம் முன்பே வருகிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. ஆட்சியரும் ஆட்சியரும் போனில் பேசிக்கொள்வார்கள், பேசியும் இருக்கிறார்கள். ஆனால் இன்னாரிடமிருந்து இன்னாருக்கு, இத்தனை கனஅடி தாண்டினால், இத்தனை மணி முன்னதாக என்று எழுத்தில் ஒப்பந்தமாக்குவது இரண்டு மாநில அமைச்சர்கள் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். அது கோடையில் பேச வேண்டியது.

வெள்ள நாளில் அமைச்சர் வருவதைப் பற்றி. வேலூர் மாவட்டத்தில் ஆறு தாலுகா: வேலூர், காட்பாடி, அணைக்கட்டு, குடியாத்தம், கே.வி.குப்பம், பேரணாம்பட்டு. எல்லையில் வரவேற்கத் தாசில்தார் நிற்பார், வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) குடை பிடிப்பார், பந்தோபஸ்துக்குப் போலீஸ் போகும், பிரெட் பால் வாங்கிவைத்து முகாமில் வரிசை நிறுத்துவார்கள். ஒரு தாசில்தார் நாலு மணி நேரம் கான்வாயோடு போனால், அந்த நேரத்துக்கு ஒரு தாலுகா தலையில்லாமல் கிடக்கும். அமைச்சர் வரக் கூடாது என்று சொல்ல வரவில்லை. தண்ணீர் வடிந்த மறுநாள் வந்தால் எந்தப் பாலத்துக்கு எவ்வளவு, எந்தக் கரைக்கு யார் என்று ஆறு துறைகளையும் ஒரே இடத்தில் நிற்க வைத்து முடிவு வாங்க அவரால் மட்டுமே முடியும். தரைப்பாலத்தை மேம்பாலமாக்க வேண்டும் என்றால் நெடுஞ்சாலைத்துறையும் நீர்வளத்துறையும் ரெவின்யூவும் ஒரே கடிதத்தில் வர வேண்டும். ஆட்சியருக்கு அங்கே கை எட்டாது.

மீட்புப் படை விஷயத்தில் வட ஆர்க்காட்டுக்காரர்களுக்கு ஒரு வசதி. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆவது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. ஒரு பட்டாலியனில் 18 அணிகள், அணிக்கு 45 பேர். 2024 டிசம்பர் 1 அன்று, பழைய வட ஆர்க்காட்டைச் சேர்ந்த திருவண்ணாமலையில் மலையடிவாரத்து வீட்டின் மேல் மண்ணும் பாறையும் சரிந்து 7 பேர் இறந்தார்களே, அங்கும் அரக்கோணத்து ஆட்கள்தான் வந்தார்கள். ஆனால் படை பக்கத்தில் இருப்பது வேறு, கேட்டவுடன் கிளம்புவது வேறு. ஆட்சியர் சேப்பாக்கம் எழிலகத்தில் உள்ள வருவாய் நிருவாக ஆணையரிடம் கேட்க வேண்டும். மழை எச்சரிக்கை வந்ததும் அணிகளை முன்கூட்டியே கடலூருக்கும் நாகைக்கும் அனுப்பிவிடுவது வழக்கம். வேலூருக்கு ஆரஞ்சு எச்சரிக்கை வந்த நாளில் ஒரு அணியாவது அரக்கோணத்திலேயே மீதி வைக்கப்படுகிறதா என்று கேட்பது நம்மூர் எம்.எல்.ஏ.க்களுக்குத் தோன்ற வேண்டிய கேள்வி. ஆரஞ்சு என்றால் பெரும்பாலும் 12 முதல் 20 சென்டிமீட்டர். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் பெய்தால் ஒரு கோடி லிட்டர்; பெருக்கிப் பாருங்கள்.

தீயணைப்பு, முன்னே சொன்னதுபோல, பேரிடர் அமைச்சர் கையில் இல்லை. வேலூர் லாங்கு பஜார், மண்டித் தெருப் பக்கம் தீப்பிடித்தால் என்ன நடக்கும் என்பதற்கு எளிய கணக்கு. சாதாரணத் தண்ணீர் வண்டியில் 4,500 லிட்டர். ஒரு குழாயில் நிமிடத்துக்கு 450 லிட்டர் அடித்தால் பத்து நிமிடம். இரண்டு குழாய் என்றால் ஐந்து. அதற்குள் அடுத்த வண்டி வர வேண்டும், இல்லையென்றால் முதல் வண்டி நிரப்பிக்கொண்டு திரும்ப வேண்டும். எங்கே நிரப்புவது? மாநகராட்சி மேல்நிலைத் தொட்டியில். வால்வைத் திறக்கும் ஆள் யார், சாவி யாரிடம், இரவில் அவர் எங்கே? மாநகராட்சி நகராட்சி நிர்வாக அமைச்சரின் கீழ். வண்டி உள்துறையின் கீழ். தள்ளுவண்டியும் பைக்கும் மறித்த சந்தில் வண்டி நுழைய முடியாமல், இருநூறு மீட்டர் ஹோஸ் இழுத்தால் கடைசி முனையில் அழுத்தம் செத்துவிடும். 2025-இல் திருத்திய பேரிடர் சட்டம் மாநகராட்சி உள்ள நகரங்களுக்குத் தனி நகரப் பேரிடர் ஆணையம் அமைக்க வழிவிட்டிருக்கிறது. வேலூர் 2008 முதல் மாநகராட்சி. அந்த ஆணையம் வருமானால் முதல் கூட்டத்தில் இந்த வால்வுச் சாவியைப் பேசினால் போதும்.

108-ஐப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2008 முதல் ஓடுகிறது, ஓட்டுநரைப் பைலட் என்பார்கள், பின்னால் மருத்துவ உதவியாளர் இருப்பார். அது நிற்கும் இடம்தான் பிரச்சினை. 2023 மே மாதம் அணைக்கட்டு தாலுகா மலைக்கிராமம் ஒன்றில் பாம்பு கடித்த குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் உயிர் போனது. சாலை இல்லாததால் உடலைத் தாய் கையில் தூக்கிக்கொண்டு மலையேறினார். ஆம்புலன்ஸ் நல்வாழ்வுத்துறை, சாலை ஊரக வளர்ச்சித்துறை, நிலம் வனத்துறை. மூன்று அமைச்சர்களுக்கு நடுவே சில கிலோமீட்டர்.

பின்னால் உள்ள மூன்று மாதத்தில்தான் வருவாய்த்துறை அமைச்சரின் துறை மக்களின் வாழ்க்கையை நேராகத் தொடுகிறது. 2021 நவம்பர் 19 விடிகாலை பேரணாம்பட்டில் வீடு இடிந்து 9 பேர் இறந்தார்கள், அதில் 4 பேர் குழந்தைகள். பேரிடர் நிதி விதிமுறைப்படி உயிரிழப்புக்கு 4 லட்சம்; மாநில அரசு அப்போது குடும்பத்துக்கு 5 லட்சம் என்று அறிவித்தது. மற்றவற்றுக்கு 2022-26 விதிமுறை இப்படி: பசு, எருமை 37,500 ரூபாய், ஆடு 4,000, இழந்த கறவை மாடுகளில் வீட்டுக்கு மூன்று வரை. சமவெளியில் முழுதும் இடிந்த வீட்டுக்கு 1,20,000. குடிசைக்கு 8,000, மாநில அரசு 2024 புயலுக்குப் பின் அதை 10,000 ஆக்கியது. பாசனப் பயிர் ஹெக்டேருக்கு 17,000, அதாவது ஏக்கருக்கு 6,900-க்குக் கொஞ்சம் கீழே, மானாவாரி 8,500, மா, தென்னை போன்றவற்றுக்கு 22,500. பயிரில் 33 சதவீதமாவது அழிந்திருக்க வேண்டும், ஒருவருக்கு 2 ஹெக்டேர் வரை.

காசு எங்கே சிக்கும் என்பது ஏறக்குறைய எல்லா வருடமும் ஒரே மாதிரி. செத்த மாட்டை நாற்றம் வருகிறதென்று அன்றே புதைத்துவிடுவார்கள். கால்நடை மருத்துவர் உடற்கூறு ஆய்வுச் சான்று தராமல் ஒரு ரூபாய் வராது. மருத்துவர் வரத் தாமதமானால் காது வில்லை தெரியும்படி போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கு (வி.ஏ.ஓ.) அனுப்பி, குறைந்தது அவரை நேரில் பார்க்க வைத்துவிட்டுப் புதைக்க வேண்டும். இடிந்த சுவரை மறுநாளே வாரிப் போட்டுவிடுவார்கள். வார வேண்டியதுதான், அதற்கு முன் நாலு பக்கமும் படம் வேண்டும். பயிருக்கு அடங்கலில், அதாவது ஊர்ப் பயிர்க் கணக்கு ஏட்டில், அந்த போகத்தில் அந்தப் பயிர் ஏறியிருக்க வேண்டும். நெல் என்று ஏறிய இடத்தில் வேர்க்கடலை அழிந்தால் கணக்கு ஒட்டாது. பட்டா தாத்தா பெயரில் கிடக்கும். குத்தகைக்கு உழுதவர் எந்த ஏட்டிலும் இருக்கமாட்டார். பணம் நிலக்காரருக்குப் போகும், அவர் பெங்களூரில் இருப்பார். விதிமுறை அனுமதி பெற்ற வீட்டைத்தான் வீடு என்கிறது. ஆற்றுப் புறம்போக்கில் இருப்பவருக்கு மாநில அரசு மனது வைத்தால் குடிசைக் கணக்கில் ஏதோ வரும். கடைசியில் வங்கி. 2020-இல் சிண்டிகேட் கனராவோடும் ஆந்திரா வங்கி யூனியனோடும் சேர்ந்த பிறகும் பழைய பாஸ்புக் நகலையே கொடுத்தால், கிளைக் குறியீடு மாறிப் பணம் திரும்பிப் போகும். திரும்பிய பணத்துக்கு இரண்டாவது பட்டியல் போடுவது தாலுகாவில் யாருக்கும் பிடிக்காத வேலை. ஓர் அமைச்சர் “எத்தனை கோடி கொடுத்தோம்” என்று அறிக்கை விடுவதற்குப் பதில் “எத்தனை பேருக்குத் திரும்பி வந்தது, அதில் எத்தனை தீர்ந்தது” என்று தாலுகாவாரியாக வாராவாரம் கேட்டால், அந்தப் பட்டியல் தானாக நகரும்.

வெயிலும் வருவாய்த்துறை அமைச்சர் கணக்கில் சேர்ந்துவிட்டது. கோடையில் 43 டிகிரியைத் தொடும் ஊர் வேலூர். 2024 அக்டோபரில் தமிழ்நாடு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆண்டுப் பேரிடர் நிதியில் பத்து சதவீதம் வரை இப்படி மாநிலமே அறிவித்த பேரிடர்களுக்குச் செலவிடலாம். வெயிலில் விழுந்து இறந்தவரின் குடும்பத்துக்கு உதவி வர, மருத்துவர் காரணம் எழுத வேண்டும். மாரடைப்பு என்று மட்டும் எழுதிவிட்டால் அதோடு முடிந்தது. விழுந்த நேரம், அன்றைய வெப்பநிலை, உடல் சூடு ஆகியவை மருத்துவமனைக் குறிப்பில் ஏற வேண்டும்; கூடப் போகிறவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

எந்த அமைச்சர் பட்டியலிலும் சரியாக உட்காராத விபத்துகளும் உண்டு. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள். மழையுமில்லை, வெள்ளமுமில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சுற்றுச்சூழல் அமைச்சரிடம், தொழிலகப் பாதுகாப்பு தொழிலாளர் அமைச்சரிடம். சேறு எவ்வளவு உயரம் நின்றது, சுவர் எவ்வளவு தாங்கும் என்ற கேள்வி இரண்டு துறைக்கும் இடையே விழுந்துவிடக்கூடியது.

சட்டமன்றத்தில் இந்த அமைச்சர்களைப் பிடிக்க வேண்டுமானால் மானியக் கோரிக்கை, அதாவது துறைவாரியாகப் பணம் கேட்டு வைக்கும் கோரிக்கை, எந்த எண் என்று தெரிந்திருக்க வேண்டும். இயற்கைச் சீற்ற நிவாரணம் 51. வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மை 41. தீயணைப்பு 23, காவல் 22, நல்வாழ்வு 19. ஒவ்வொன்றுக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு வரும், இணையத்தில் இலவசம், தமிழிலேயே. ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேலூர் என்ற சொல்லைத் தேடுங்கள். புதிதாகக் கட்டிய தீயணைப்பு நிலையம் ஒன்றில் வரும், படகு இன்னொன்றில் வரும். இரண்டுக்கும் சேர்த்து ஆள் எத்தனை என்பது எதில் வருகிறது என்று பாருங்கள்.

தலைப்பில் கேட்டதற்குப் பதில்: 1077-ஐ அழைத்தால் எந்த அமைச்சருக்கும் கேட்காது. சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு அறையில் மணி அடிக்கும். செல்பேசியிலிருந்து என்றால் முன்னால் 0416 சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வேறு மாவட்டத்துக்குப் போகக்கூடும். 1070 சென்னையில் மாநில அறை. தீ, அடிதடி, ஆம்புலன்ஸ் எதுவானாலும் 112-ம் எடுக்கும். எடுத்தவரிடம் முதலில் தாலுகா, பிறகு ஊராட்சி, பிறகு குக்கிராமம். புதூர் என்று மட்டும் சொன்னால் எந்தப் புதூர் என்று கேட்பதிலேயே இரண்டு நிமிடம் போய்விடும். தண்ணீர் என்றால் முழங்காலா, இடுப்பா, ஏறுகிறதா, வடிகிறதா. ஆள் மாட்டியிருந்தால் எத்தனை பேர், அதில் நடக்க முடியாதவர் எத்தனை. மின்கம்பி விழுந்திருந்தால் அருகில் உள்ள கம்பத்தின் எண். பேசியவர் பெயரையும் நேரத்தையும் எழுதி வையுங்கள், அரை மணி கழித்து மறுபடி கூப்பிடும்போது அதைச் சொல்லித்தான் தொடங்க வேண்டியிருக்கும்.